குஞ்சு பொரித்தல் நிலைமைகளும் குஞ்சுகளின் பால் விகிதமும்

கற்றல் பேறுகள்
இப்பாடத்தைக் கற்றபின் உங்களால்,
• கோழிக்குஞ்சின் பால் தீர்மானிக்கப்படும் கட்டத்தை விளக்கவும்,
• பால் மாறுதல், பால் விகிதம் மாறுதல் ஆகியவற்றை வேறுபடுத்தவும்,
• பொரிப்புத் தரவுகளிலிருந்து சரியான முடிவைப் பெறவும் முடியும்.

1. அறிமுகம்

முட்டைக்காகக் கோழி வளர்ப்பவருக்குப் பெட்டைக் குஞ்சுகளே தேவை. கோழி வளர்ப்பில் மிகப் பெரிய செலவு தீவனச் செலவாகும். பெட்டைக் குஞ்சு முதல் முட்டையிட ஏறத்தாழ 20 வாரங்கள் செல்லும். ஒரு பொரிப்பில் பாதிக் குஞ்சுகள் சேவல்களாயின், முட்டையை எதிர்பார்த்து அவற்றுக்கு இட்ட தீவனம் நட்டமாகும். எனவே, "வெப்பநிலையைச் சற்றுக் குறைத்தால் பெட்டைக் குஞ்சுகள் கூடும்", "கூர்மையான முட்டையில் சேவல் பொரிக்கும்" போன்ற நம்பிக்கைகள் நிலவுவதில் வியப்பில்லை. இவை புதியனவும் அல்ல. நீண்ட, கூரிய முட்டை பெண் என்று கிரேக்க அறிஞர் அரிஸ்டோட்டில் எழுதினார். உரோம எழுத்தாளர் பிளினி, உருண்டையான முட்டையே பெண் என்றார். இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை.

பல்லேகலவுக்கு அண்மையில், குண்டசாலை கரந்தகொல்லவில், கால்நடை உற்பத்தி, சுகாதாரத் திணைக்களத்தின் மத்திய கோழி ஆராய்ச்சி நிலையம் அமைந்துள்ளது. இப்பிரதேச மாணவர்களுக்குப் பொரிப்பு இயந்திரம் புதிய பொருளன்று. ஆயினும் அந்த இயந்திரத்தால் எதை மாற்ற முடியும், எதை மாற்ற முடியாது என்பதைப் பலர் தெளிவாக எழுதுவதில்லை.

2. கோழியில் பால் தீர்மானிக்கப்படுதல்

மனிதரில் ஆணிடம் எக்ஸ், வை என்னும் இருவகைப் பால் நிறமூர்த்தங்கள் உள்ளன. ஆகவே பிள்ளையின் பாலைத் தந்தையின் விந்து தீர்மானிக்கிறது. பறவைகளில் இது தலைகீழானது. சேவலில் இரண்டு இசட் நிறமூர்த்தங்களும், பேட்டில் ஓர் இசட்டும் ஒரு டபிள்யூவும் உள்ளன. சேவலின் விந்துகள் அனைத்தும் இசட்டையே கொண்டிருக்கும். பேட்டின் முட்டைக் கலம் இசட்டைப் பெற்றால் சேவற்குஞ்சும், டபிள்யூவைப் பெற்றால் பெட்டைக் குஞ்சும் உருவாகும்.

முட்டைக் கலம் எந்த நிறமூர்த்தத்தைப் பெறும் என்பது, சூலகத்திலிருந்து மஞ்சட்கரு வெளியேறுவதற்குச் சற்று முன் நிகழும் ஒடுக்கற்பிரிவில் முடிவாகிறது. அதன்பின் கருக்கட்டல் நடைபெற்று, வெண்கருவும் ஓடும் சேர்ந்து, ஏறத்தாழ ஒரு நாளின் பின்னரே முட்டை இடப்படுகிறது. அதாவது, முட்டை பொரிப்பு இயந்திரத்தை அடையும்போது குஞ்சின் பால் முன்னரே தீர்மானிக்கப்பட்டுவிட்டது. இசட், டபிள்யூ ஆகியன சம வாய்ப்புடன் கிடைப்பதால் பால் விகிதம் 1:1 இற்கு அண்மையாக இருக்கும்.

3. பொரிப்பு நிலைமைகளின் பணி

கோழி முட்டை பொரிக்க 21 நாட்கள் தேவை. காற்றோட்ட விசிறியுள்ள இயந்திரத்தில் வெப்பநிலை ஏறத்தாழ 37.5 பாகை செல்சியஸாகப் பேணப்படும். சாரீரப்பதன் முதல் 18 நாட்களில் 55 – 60 சதவீதமாகவும், இறுதி 3 நாட்களில் 65 – 70 சதவீதமாகவும் இருத்தல் வேண்டும். முட்டைகளை 18ஆம் நாள் வரை நாளாந்தம் பல தடவை திருப்ப வேண்டும்.

இந்நிலைமைகள் முளையம் உயிர்வாழ்வதற்கு அவசியமானவை. மலைநாட்டு இரவுக் குளிரில் நீண்ட நேரம் மின் தடைப்பட்டால் முளையங்கள் இறக்கலாம், பொரித்தல் தாமதமாகலாம், குஞ்சுகள் பலவீனமாகலாம். இதனால் பொரிப்பு வீதம் குறையும். ஆனால் சேவல் முளையம் பெட்டையாக மாறாது.

4. ஆமையும் கோழியும் ஒன்றல்ல

1966இல் பிரெஞ்சு ஆய்வாளர் மடலின் சார்னியே, ஓணான் இனமொன்றின் முட்டைகளில் வெப்பநிலை பாலைப் பாதிப்பதை வெளியிட்டார். கடலாமைகளிலும் இவ்வாறே நிகழ்கிறது. நமது நாட்டின் கொஸ்கொட, றெக்கவ போன்ற கரைகளில் ஆமைகள் மணலில் முட்டையிடுகின்றன. மணலின் வெப்பநிலை ஏறத்தாழ 29 பாகை செல்சியஸிலும் கூடினால் பெண் குஞ்சுகளும், குறைந்தால் ஆண் குஞ்சுகளும் அதிகரிக்கும். கடலாமைக்குப் பால் நிறமூர்த்தங்கள் இல்லை. இந்த உதாரணத்தைக் கோழிக்குப் பொருத்துவதே மாணவர் பெரும்பாலும் விடும் தவறாகும்.

5. பறவைகள் பற்றிய ஆய்வுகள்

அவுஸ்திரேலியாவின் புதர் வான்கோழி, உக்கும் இலைகுழைக் குவியலுள் முட்டையிடும். 2005இல் வெளியான ஆய்வொன்றில் அதன் முட்டைகள் மூன்று வெப்பநிலைகளில் வைக்கப்பட்டன. 34 பாகையில் விகிதம் சமமாக இருந்தது. 31 பாகையில் ஆண்களும், 36 பாகையில் பெண்களும் கூடுதலாகப் பொரித்தன. இதற்குக் காரணம் பால் மாறியதன்று. வெப்பநிலைக்கேற்ப ஒரு பாலின் முளையங்கள் கூடுதலாக இறந்தமையே.

கோழியில் இவ்வாறு நிகழ்கிறதா? ஐக்கிய அமெரிக்காவின் ஜோர்ஜியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பநிலையால் பால் தீர்மானிக்கப்படுவதற்கோ, ஒரு பாலின் முளையங்கள் மட்டும் கூடுதலாக இறப்பதற்கோ சான்று கிடைக்கவில்லை.

6. சிறிய எண்ணிக்கை ஏமாற்றும்

ஒருவர் பொரித்த 10 குஞ்சுகளில் 8 பெட்டைகள் இருந்தால், தாம் கையாண்ட முறையே காரணம் என அவர் நம்பக்கூடும். கணித்துப் பாருங்கள். 10 குஞ்சுகளில் 8 அல்லது அதற்கு மேற்பட்டவை பெட்டைகளாக இருப்பதற்கான நிகழ்தகவு 56/1024, அதாவது ஏறத்தாழ 18இல் 1 ஆகும். ஓர் ஊரில் 18 பேர் தலா 10 குஞ்சுகளைப் பொரிக்கச் செய்தால், எந்த உபாயமும் இன்றியே ஒருவருக்கு இப்பேறு கிடைப்பதை எதிர்பார்க்கலாம். எனவே அதிக எண்ணிக்கையான முட்டைகளும் கட்டுப்பாட்டுத் தொகுதியும் இன்றி முடிவு கூறக்கூடாது.

7. பண்ணைகளில் செய்யப்படுவது

விகிதத்தை மாற்ற இயலாமையால் குஞ்சுகள் பொரித்தபின் பால் பிரிக்கப்படுகின்றன. கழியறையைப் பார்த்துப் பிரிக்கும் முறையை யப்பானியர் விருத்தி செய்தனர். சிறகிறகின் வளர்ச்சி, பிறக்கும்போதுள்ள நிறம் ஆகியவற்றாலும் சில கலப்பினங்களைப் பிரிக்கலாம். முட்டையின வர்க்கச் சேவற்குஞ்சுகள் இறைச்சிக்கும் இலாபகரமானவை அல்ல என்பதால் பல நாடுகளில் அவை முதல் நாளிலேயே கொல்லப்படுகின்றன. ஜேர்மனி இதனை 2022 சனவரி முதல் தடை செய்தது. முட்டையினுள் இருக்கும்போதே, ஏறத்தாழ 9ஆம் நாளில், ஓமோனைச் சோதித்துப் பாலை அறியும் முறை இன்று பயன்பாட்டில் உள்ளது. இதுவும் பாலை அறியும் முறையே, மாற்றும் முறையன்று.

8. மாதிரி வினா (பயிற்சிக்கான கற்பனைத் தரவு)

பல்லேகலவில் ஒரு மாணவர் குழு, ஒரு பறவையினத்தின் கருக்கட்டிய முட்டைகளை 100 வீதம் இரு தொகுதிகளாக வைத்தது.
தொகுதி அ (உகந்த வெப்பநிலை): 45 ஆண், 45 பெண் பொரித்தன.
தொகுதி ஆ (குறைந்த வெப்பநிலை): 24 ஆண், 36 பெண் பொரித்தன. இறந்த 40 முளையங்களில் 26 ஆண், 14 பெண்.

(அ) தொகுதி ஆ இல் பொரித்த குஞ்சுகளில் பெண்களின் சதவீதம் யாது?
(ஆ) குறைந்த வெப்பநிலை ஆணைப் பெண்ணாக மாற்றியதா?
(இ) பெண் குஞ்சுகளைப் பெற இம்முறை பயனுள்ளதா?

விடை
(அ) 36/60 × 100 = 60 சதவீதம்.
(ஆ) இல்லை. இறந்தவற்றையும் சேர்த்தால் ஆண் 24 + 26 = 50, பெண் 36 + 14 = 50. ஆண் முளையங்கள் கூடுதலாக இறந்ததால் விகிதம் மாறியது.
(இ) இல்லை. சதவீதம் 50இலிருந்து 60 ஆக உயர்ந்தாலும், பெண் குஞ்சுகளின் எண்ணிக்கை 45இலிருந்து 36 ஆகக் குறைந்துள்ளது.

நினைவிற் கொள்க
• கோழிக்குஞ்சின் பாலைத் தீர்மானிப்பது தாயின் முட்டைக் கலம்.
• பொரிப்பு நிலைமைகள் பொரிப்பு வீதத்தையும் குஞ்சின் உடல்நலத்தையும் பாதிக்கும்.
• விகிதத்தைப் பற்றிய வினாவில் பொரிக்காத முட்டைகளையும் கணக்கிற் சேர்க்க மறவாதீர்கள்.