தரை உறைபனியும் வானிலை அறிவிப்பும்

பஞ்சாப், ஹரியானா, வட ராஜஸ்தான் பகுதிகளில் ஜனவரி மாதத்தில், "இன்றிரவு குறைந்தபட்ச உஷ்ணநிலை 4 டிகிரி" என்று வானிலை அறிவிப்புக் கூறினால், பூஜ்யத்திற்கு மேல்தானே என்று உருளைக்கிழங்கு பயிரிட்டவர் நிம்மதியாக உறங்கிவிடுவதுண்டு. விடிந்ததும் இலைகள் கருகிக் கிடக்கும். அறிவிப்பில் பிழையில்லை. அது குறிப்பது தரைக்குச் சுமார் ஒன்றேகால் மீட்டர் உயரத்தில், ஸ்டீவன்சன் பெட்டிக்குள் உள்ள காற்றின் உஷ்ணநிலையையே ஆகும். மேகமற்ற இரவில் தரையும் இலைகளும் தம் வெப்பத்தை வானை நோக்கி வீசி இழப்பதால், அக்காற்றைவிட 3 அல்லது 4 டிகிரி, சில சமயம் அதற்கும் அதிகமாகக் குளிர்ந்துவிடுகின்றன.

ஆகவே எண்ணுடன் வானத்தையும் காற்றையும் சேர்த்துப் படித்தல் வேண்டும். மேகம் போர்வைபோல் வெப்பத்தைக் காக்கும். காற்று வீசினால் மேலுள்ள வெதுவெதுப்பான காற்று கீழே வந்து கலக்கும். குளிர்கால மழை ஓய்ந்து, வானம் வெளுத்து, காற்றும் அடங்கிய இரவே அஞ்சத்தக்கது. காற்று மிக வறண்டிருந்தால் வெண்பனி படியாமலே பயிர் உறையக்கூடும். வெண்மை தென்படாமையால் இதனை உறைபனியென்று பலர் ஏற்பதில்லை.

குளிர்ந்த காற்று கனமானது. நீரைப் போலப் பள்ளத்தில் தேங்கும். ஒரே கிராமத்தில் மேட்டுத் தோட்டம் தப்ப, பள்ளத் தோட்டம் அழிவது இதனாலேயே. பள்ளி மாணவர் ஒரு குறைந்தபட்ச உஷ்ணமானியை வெட்டவெளியில் புல் நுனி மட்டத்தில் வைத்து, காலைதோறும் அதன் அளவை அறிவிப்புடன் ஒப்பிட்டு வந்தால், அவ்வூருக்குரிய வித்தியாசம் சில வாரங்களில் புலப்படும். அபாயமுள்ள நாளின் மாலையில் இலேசாக நீர் பாய்ச்சுதல் நன்று. உலர்ந்த மண்ணைவிட ஈரமண் வெப்பத்தை அதிகம் தாங்கும். நாற்றுக்களை வைக்கோலால் மூடலாம். வெயில் ஏறியதும் அதனை அகற்றிவிட வேண்டும்.