அப்பாவைப் பற்றி எழுதுங்கள்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் உங்கள் தெருக்கோடி வீட்டுப் பெரியவரைப் பற்றியது. பார்க்கின்சன் என்று சொன்ன நான்கே வருடத்தில் அவர் படுத்த படுக்கையானதையும், கடைசியில் கஞ்சிகூட இறங்காமல் போனதையும் எழுதியிருக்கிறீர்கள். அதன் பிறகுதான் உங்கள் அப்பா வருகிறார். போன மாதம் டாக்டர் அவருக்கும் அதே பெயரைச் சொன்னார், இவருக்கும் அதே கதிதானா என்று கேட்கிறீர்கள்.

எனக்கு அந்தப் பெயர் வந்து ஒன்பது வருடம் ஆகிறது. நேற்று எங்கள் வீட்டில் ரசம் நான்தான் வைத்தேன். அந்தப் பெரியவரை வைத்து அப்பாவை எடை போடாதீர்கள். என்னை வைத்தும் போடாதீர்கள்.

இந்த நோயை நடுக்குவாதம் என்கிறோம். எனக்குக் கை நடுங்கியதே இல்லை. பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும்போது நான் போடும் மதிப்பெண்கள் வரவரச் சிறுத்தன. "என்ன டீச்சர், எறும்பு ஊர்ற மாதிரி எழுதுறீங்க" என்றாள் பக்கத்தில் இருந்தவள். அப்புறம் வலது தோளில் வலி. தோள்பட்டை இறுகிவிட்டது என்று ஒரு வருடம் அதற்கே வைத்தியம் பார்த்தார்கள். நடக்கும்போது என் வலது கை வீசாமல் உடம்போடு ஒட்டிக் கிடந்ததை ஒரு கல்யாண வீடியோவில் என் மகள்தான் கவனித்தாள். அதற்கெல்லாம் பல வருடம் முன்பே பெருங்காய வாசனை எனக்குத் தெரியாமல் போயிருந்தது. தூக்கத்தில் கத்தியபடி கையை ஓங்குவேனாம். இவையும் இந்த நோயின் முன்னோடிகளாக இருக்கலாம் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

1817-இல் லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் இந்த நோயைப் பற்றி எழுதியபோது அவர் விவரித்தது ஆறே பேரை. அவர்களிலும் சிலரைத் தெருவில் பார்த்ததோடு சரி. நடுங்கும் வாதம் என்று பெயர் வைத்தார். நடுக்கமே இல்லாதவர்களும் உண்டு, அந்தப் பெயர் பொருந்தாது என்று பிற்பாடு பாரிஸில் ஷார்கோ என்ற டாக்டர் எடுத்துச் சொல்லி, நோய்க்குப் பார்க்கின்சனின் பெயரையே சூட்டினார். இவ்வளவு காலம் கழிந்தும், கை ஆடவில்லையே, உனக்கு என்ன நோய் என்று கேட்கும் சொந்தக்காரர்கள் எனக்கு இருக்கிறார்கள். அது வலிக்கத்தான் செய்கிறது.

பிசியோதெரபிக்கு என்னோடு ஓர் அண்ணன் வருகிறார், கண்டக்டராக இருந்தவர். இடது கை ஓயாமல் ஆடும். காபி டம்ளரைப் பிடிக்க முடியாது. நடை என்று வந்தால் நான் அவர் பின்னால் ஓட வேண்டும். எனக்கோ கூடத்தில் தடையில்லை. அடுப்படி நிலைப்படிக்கு வந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். மருமகன் அங்கே மஞ்சள் டேப்பைக் குறுக்குக் கோடுகளாக ஒட்டிவிட்டார். கோட்டைப் பார்த்தால் தாண்டிவிடுகிறேன். தானாக நடக்கும் வழி மூளையில் பழுதானாலும், பார்த்து நடக்கும் வழி மிச்சமிருக்கிறது என்றார் டாக்டர். அந்த அண்ணன் வீட்டில் டேப்புக்கு வேலையே இல்லை.

நடுமூளையில் டோபமைன் தரும் செல்கள் அழிவது எங்கள் இருவருக்கும் பொது. எந்தப் பக்கம் முதலில், எவ்வளவு வேகத்தில், மூளையில் வேறு எந்த இடத்தையெல்லாம் தொடும் என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு மனச்சோர்வுதான் பெரிய பாரம். அதுவும் நோயின் பகுதியே, மனவுறுதிக் குறைவு அல்ல. உங்கள் தெருப் பெரியவருக்கு வந்தது வேறொரு நோயாகவும் இருந்திருக்கலாம். பார்க்கின்சன் போலவே தொடங்கி, மாத்திரைக்கு அவ்வளவாக மசியாமல், வேகமாக முற்றும் நோய்கள் உண்டு. ஆரம்பத்தில் டாக்டர்களுக்கே பிரித்தறிவது கடினம்.

மாத்திரை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு லெவோடோபா தொடங்கியிருப்பதாகவும், அம்மா அதைப் பாலோடு கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீரோடு கொடுக்கச் சொல்லுங்கள். பால், முட்டை, பருப்பில் இருக்கும் புரதமும் இந்த மருந்தும் குடலிலிருந்தும் மூளைக்குள்ளும் ஒரே வாசல் வழியாக நுழையப் போட்டி போடுகின்றன. நான் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் முன்பே போட்டுக்கொள்கிறேன். வெறும் வயிற்றில் குமட்டினால் டாக்டரிடம் கேளுங்கள். கடையில் நீங்களாக வாந்தி மாத்திரை வாங்கிவிடாதீர்கள். மெட்டோகுளோப்ரமைடு போன்றவை டோபமைனையே தடுத்து நோயைக் கூட்டிவிடும். பூனைக்காலி விதை சாப்பிடச் சொல்லி யாராவது கட்டாயம் வருவார்கள். அதில் லெவோடோபா இருப்பது உண்மை. உண்மை என்பதால்தான் பயம்: மாத்திரையோடு அதுவும் சேர்ந்தால் அளவு எங்கே போகும்? மாத்திரையை ஒரேயடியாக நிறுத்துவதும் ஆபத்து.

எனக்கு ஒரு வேளை மாத்திரை முன்பு ஐந்து மணி நேரம் தாங்கியது. இப்போது மூன்றுதான். அந்த மூன்று மணி நேரத்துக்குள் குளியல், சமையல், கோயில். மருந்து தீரும்போது முகமும் இறுகிவிடும். "ஏன் பாட்டி, எம்மேல கோவமா?" என்று கேட்பாள் பேத்தி. இப்போது அவளே மணி பார்க்கக் கற்றுக்கொண்டு மாத்திரை டப்பாவை எடுத்து வருகிறாள்.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குங்கள். மாத்திரை போட்ட நேரம், உடம்பு இலகுவான நேரம், மறுபடி இறுகிய நேரம், சாப்பிட்டது, தூங்கியது எல்லாவற்றையும் இரண்டு வாரம் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அடுத்த கடிதத்தில் எனக்கும் அப்பாவைப் பற்றி எழுதுங்கள். எந்தக் கை முதலில் தயங்கியது? குரல் தணிந்திருக்கிறதா? சட்டைப் பொத்தானை அவரே போட்டுக்கொள்கிறாரா? காலையில் எழுந்ததும் என்ன செய்யப் பிடிக்கும் அவருக்கு?

அன்புடன்,
உங்கள் அக்கா