நேயரின் நாற்காலி

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் ஊர்ச் சமுதாய வானொலியில் உரையாடல் நிகழ்ச்சி உன் பொறுப்பில் வந்திருப்பது மனசுக்கு நிறைவாக இருக்கிறது. மருத்துவர், வேளாண் அலுவலர், எழுத்தாளர் என்று வாரம் ஒருவரோடு பேசப்போகிறாய். எப்படித் தயாராவது என்று கேட்டிருந்தாய்.

நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். மைக்குக்கு முன்னால் நீ உட்காருவது நேயரின் சார்பாக. அவர் அடுப்படியில் நின்றபடி கேட்பார். வலை பின்னிக்கொண்டே கேட்பார். புரியாத இடத்தில் குறுக்கிட்டுக் கேட்க அவரால் முடியாது. காதில் விழாமல் போனதைத் திரும்பக் கேட்கவும் வழியில்லை. இரண்டையும் அவருக்காக நீ செய்ய வேண்டும்.

குழந்தைகளின் வயிற்றுப்போக்கு பற்றிப் பேச ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர் வருகிறார் என்று வைத்துக்கொள். “ஓ.ஆர்.எஸ். கரைசல் கொடுங்கள்” என்று சொல்லிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவார். நீ விடாதே. பாக்கெட்டை எவ்வளவு தண்ணீரில் கலக்க வேண்டும்? பாதியை மட்டும் ஒரு டம்ளரில் கலக்கலாமா? கலக்கியதை எவ்வளவு நேரம் வைத்திருக்கலாம்? ஒரு லிட்டர் பாக்கெட் என்றால் முழுவதையும் ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் கலக்க வேண்டும், 24 மணி நேரத்துக்கு மேல் வைக்கக்கூடாது என்று அவர் வாயாலேயே வரவழை. நடு இரவில் பாக்கெட் கிடைக்காவிட்டால்? ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலை தட்டிய 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. இந்த அளவை நிறுத்தி நிதானமாக இரண்டு முறை சொல். உப்பு கூடினால் குழந்தைக்கு ஆபத்து.

அதோடு, சர்க்கரை எதற்கு என்றும் கேள். குடல் உப்பை உறிஞ்சச் சர்க்கரை துணை செய்கிறது, உப்போடு தண்ணீரும் உள்ளே போகிறது என்று மருத்துவர் விளக்குவார். அறிவியல் நிகழ்ச்சி அங்கேயே நடந்துவிடும். காரணம் தெரிந்த தாய் அளவை மாற்ற மாட்டாள்.

1971இல் வங்கதேச அகதிகளிடையே காலரா பரவியபோது, பங்கான் முகாமில் மருத்துவர் திலீப் மகலனோபிஸ் இந்த ஓ.ஆர்.எஸ். கரைசலைத்தான் டிரம்களில் கலக்கி வைத்துக் கொடுத்தார். 30 சதவீதம் வரை இருந்த சாவு 4 சதவீதத்துக்கும் கீழே இறங்கியது. கரைசல் செய்யும் முறையை வங்கதேசத்தின் ரகசிய வானொலி ஒன்று எல்லை தாண்டியும் ஒலிபரப்பியது. அளவைச் சரியாகச் சொல்லும் குரலுக்கு அவ்வளவு மதிப்பு உண்டு.

நம் பக்கத்திலும் சான்று இருக்கிறது. ஆடுதுறையில் உருவான ஏ.டி.டி. 27 நெல் ரகத்தைத் திருச்சி வானொலி எடுத்துச் சொல்லிச் சொல்லியே தஞ்சை விவசாயிகள் பயிரிட்டார்கள். அதை ரேடியோ நெல் என்றே அழைத்தார்கள். வேளாண் பட்டதாரியான தென்கச்சி கோ. சுவாமிநாதனை ‘இன்று ஒரு தகவல்’ என்ற வானொலி நிகழ்ச்சி வழியாகத் தமிழகமே கேட்டது. மேடைத் தொனியே இல்லாமல், பக்கத்து வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்து பேசுவதுபோல அவர் பேசினார்.

கடலோர ஊரில் வானிலை பேசினால், “மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்தில் காற்று” என்ற அறிவிப்பை அப்படியே வாசித்துவிட்டு நகராதே. அனுபவமுள்ள மீனவர் ஒருவரைப் பக்கத்தில் உட்காரவைத்து, அந்தக் காற்றில் நாட்டுப்படகு என்ன பாடுபடும் என்று கேள். அலுவலரின் எண்ணும் அவருடைய அனுபவமும் சேர்ந்தால்தான் கரையில் இருப்பவர் முடிவெடுக்க முடியும்.

புத்தக நிகழ்ச்சியில் கதைச் சுருக்கம் வேண்டாம். படித்த ஒருவரை, அதுவும் உங்கள் ஊர்க்காரரையே கூப்பிடு. எந்த இடத்தில் புத்தகத்தை மூடிவைத்து யோசித்தார் என்று கேள். தலைப்பு, ஆசிரியர், பதிப்பகம் மூன்றையும் முடிவில் மறுபடி சொல். கிளை நூலகத்தில் அது இருக்கிறதா என்று முதல் நாளே விசாரித்து வை.

வானலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது. உன் கையில் இருக்கும் அரை மணி நேரமும் அப்படித்தான். அதனால் உனக்குத் தெரிந்த விஷயமாகவே இருந்தாலும், நேயருக்குத் தெரிந்திருக்காது என்று தோன்றினால் கூச்சப்படாமல் கேள். விருந்தினர் கிளம்பும்முன், “இதைக் கேட்டவர்கள் நாளைக் காலை என்ன செய்ய வேண்டும்?” என்று கேட்டுப் பதில் வாங்காமல் ஒலிப்பதிவை நிறுத்தாதே.

அன்புடன்,
அக்கா