முதல் எது, லாபம் எது?



சில வாரங்களுக்கு முன் ஜும்ஆ தொழுது வெளியே வரும்போது இளம் வியாபாரி ஒருவர் என்னை நிறுத்தினார். "நானா, இந்த வருஷ லாபத்தை நான் கையில் எடுக்கவே இல்லை. சரக்காக வாங்கித் திரும்பவும் கடையிலேயே போட்டுவிட்டேன். காசு கையில் இல்லாதபோது அதற்கும் ஜகாத் உண்டா?" என்றார். நின்ற நிலையில் பதில் சொல்லக்கூடிய கேள்வியல்ல அது. சங்கத்தார் அதையே எழுதித் தரும்படி கேட்டதால் எழுதுகிறேன். நான் ஆலிம் அல்லன். மதரஸாவில் ஓதியதும், தராசுக்குப் பின்னால் நின்று கற்றதுமே என் படிப்பு. பத்வா வேண்டுவோர் இமாமிடம் கேட்டுக்கொள்ளவும்.

லாபத்தைத் திரும்பவும் தொழிலில் போடுவது நல்ல காரியம் என்பதில் சந்தேகமில்லை. கம்போங் ராஜாவில் இருக்கும் நமக்கு இதற்கு அத்தாட்சி தேட வெகுதூரம் போக வேண்டியதில்லை. தேயிலைத் தோட்டத்தில் மூன்று, நான்கு வருஷத்துக்கு ஒருமுறை கவாத்து வெட்டுகிறார்கள். வெட்டிய மலை மொட்டையாய் நிற்கும். சில மாதம் அங்கே கொழுந்து கிடையாது. வெட்டிய கிளையையும் தூரிலேயே போட்டுவிடுவார்கள், அது மட்கி உரமாகும். அந்த மாதங்களின் செலவை மற்ற மலைகளின் வருமானம் சுமக்கும். புதிதாக நட்ட செடியோ கொழுந்து தர மூன்று வருஷத்துக்கு மேலும் ஆகும். ஜே. ஏ. ரஸ்ஸல் 1929இல் போ தோட்டத்தைத் தொடங்கியபோதும் செடி இப்படித்தான் காக்க வைத்திருக்கும். வந்ததையெல்லாம் அந்தந்த வருஷமே தின்று தீர்த்திருந்தால் இந்த மலைகளில் தேயிலை நின்றிராது.

மார்க்கமும் பணத்தை முடக்கி வைப்பதை விரும்பவில்லை. அனாதைகளின் சொத்தைச் சும்மா வைத்திராமல் வியாபாரத்தில் ஈடுபடுத்தும்படி கலீபா உமர் (ரலி) அவர்கள் சொன்னதாக ஓதியிருக்கிறோம். இல்லாவிட்டால் ஜகாத்தே அதைக் கரைத்துவிடும் என்பது கருத்து. கணக்குப் போட்டுப் பாருங்கள்: 10,000 ரிங்கிட்டை எடுத்துப் பூட்டி வைத்து, வருஷந்தோறும் அதிலிருந்தே இரண்டரை சதவீதம் கொடுத்து வந்தால் பத்தாம் வருஷ முடிவில் சுமார் 7,760 ரிங்கிட்தான் மிஞ்சும்.

ஆனால் திரும்பப் போடுவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. போடுவது லாபம்தானா என்று பார்க்க வேண்டும். இதை நான் செய்யாமல் விட்டுப் பட்டவன்.

கடை வைத்த தொடக்க காலம். வருஷ முடிவில் ஐந்தொகை போட்டபோது 9,000 ரிங்கிட் லாபம் என்று ஏடு சொன்னது. மனம் பூரித்துவிட்டது. கல்லாவிலிருந்து 7,000 எடுத்து, தெரிந்தவர் ஒருவரோடு கூட்டாகக் காய்கறித் தோட்டத்தில் போட்டேன். ஏட்டிலிருந்த 9,000த்தில் 6,000 கடன் புத்தகத்தில் நின்ற பாக்கி என்பதை நான் நினைக்கவில்லை. பாக்கிக்காரர்களில் பலர் வேலை பெர்மிட் முடிந்து தங்கள் நாட்டுக்குப் போய்விட்டார்கள். வஞ்சித்தார்கள் என்று சொல்லமாட்டேன், திடீரென்று அனுப்பப்பட்டவர்கள் எப்படித் தருவார்கள்? ஆக, உண்மையான லாபம் 3,000. மீதி 4,000 என் முதல். ஆறு மாதம் அரிசி மூட்டையைக் கூட மொத்தக் கடைக்காரரிடம் தவணை சொல்லி வாங்கினேன். வேடிக்கை என்னவென்றால், அந்தக் காய்கறித் தோட்டம் நஷ்டப்படவில்லை. போட்ட இடம் சரிதான், போட்ட பணம்தான் தப்பு.

சிறு கடைக்காரனுக்கு மட்டுமே நேரும் பிழை என்று எண்ணவேண்டாம். நம்மில் பலர் பணம் போட்டு வைத்திருக்கும் தாபோங் ஹாஜியின் வரலாற்றைப் பாருங்கள். ஹஜ்ஜுக்குப் போவதற்காகக் கிராமத்து மக்கள் நிலத்தையும் மாட்டையும் விற்றுவிட்டு, திரும்பி வந்து வறுமையில் வாடுவதைக் கண்டு 1959இல் உங்கு அஜீஸ் அவர்கள் ஒரு திட்டம் எழுதினார். சிறுகச் சேர்க்கும் பணத்தை வட்டியில்லாமல் தொழிலில் ஈடுபடுத்தி, அந்த லாபத்தைச் சேர்த்தவருக்கே தருவது அதன் சாரம். 1963 செப்டம்பர் 30இல் வேலை தொடங்கிய அந்த நிறுவனத்தில் முதலில் சேர்ந்தவர்கள் 1,281 பேர், அவர்கள் போட்டது 46,610 வெள்ளி. அதிலிருந்து கோடிக்கணக்கில் வளர்ந்தது.

2017ஆம் வருஷத்துக்கு அது 4.5 சதவீதமும், ஹஜ் செய்யாதவர்களுக்கு அதன்மேல் 1.75 சதவீதமும் பங்கீடு கொடுத்தது. 2018 டிசம்பரில் வெளியான கணக்காய்வு வேறு செய்தி சொன்னது. 2017 முடிவில் சொத்தைவிடக் கொடுக்கவேண்டியது 410 கோடி ரிங்கிட் அதிகம் என்றது. சொத்து கூடுதலாக இருந்தால்தான் பங்கிடலாம் என்பது அதன் சட்டம். விலை இறங்கிய பங்குகளைப் பழைய மதிப்பிலேயே ஏட்டில் வைத்திருந்தார்கள் என்பதே முக்கியக் குறை. முந்தைய நிர்வாகத்தார் இதை ஒப்பவில்லை. 2022இல் அரச விசாரணை ஆணையமும் அமைந்தது. எப்படியிருப்பினும், 1,990 கோடி ரிங்கிட்டுக்குச் சொத்துகளை அரசாங்கத்தின் தனிக் கம்பெனி ஒன்று ஏற்றுக்கொண்டுதான் நிறுவனத்தை நிமிர்த்தினார்கள். 2018க்குக் கிடைத்த பங்கீடு 1.25 சதவீதம். போட்ட முதலுக்கு அரசாங்கத்தின் உத்தரவாதம் இருந்ததால் யாருடைய முதலும் போகவில்லை. என் கடைக்கு அப்படி உத்தரவாதம் சொல்ல யாரும் இல்லை. உங்கள் கடைக்கும் இராது.

இனி அந்தச் சகோதரரின் கேள்விக்கு வருகிறேன். ஆம், ஜகாத் உண்டு. லாபம் சரக்காக இருந்தால் அது முதலின் வருஷத்தையே பின்பற்றும் என்பது ஷாஃபி மத்ஹபின் சட்டம். ரமலான் முதல் பிறையில் 50,000 ரிங்கிட் சரக்கோடு தொடங்கியவரிடம் அடுத்த ரமலானில் 60,000 ரிங்கிட் சரக்கு இருந்தால், கூடிய 10,000 எந்த மாதம் வந்தது என்று பார்க்க வேண்டாம். முழு 60,000த்துக்கும் 1,500 கொடுக்க வேண்டும். வருஷ நடுவில் சரக்கை விற்று லாபத்தை ரொக்கமாக ஒதுக்கி வைத்தால் அந்த லாபத்துக்குத் தனி வருஷம் என்பது அம்மத்ஹபில் வலுவான சொல். ஹனஃபிகள் அதையும் முதலோடு சேர்த்தே எண்ணுவார்கள். லாபத்தில் வாங்கிய தராசு, அலமாரி, லாரி, குளிர்ப்பெட்டி இவற்றுக்கு ஜகாத் இல்லை, அவை விற்கும் பொருள் அல்ல. 85 கிராம் தங்கத்தின் விலையை எட்டாத வியாபாரத்துக்கும் இல்லை. ஆங்கில வருஷப்படி கணக்கு வைப்போருக்கு நாள் கூடுவதால் 2.577 சதவீதம் என்று இந்நாட்டில் வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கில் சரக்கை வாங்கிய விலைக்கு எழுதக்கூடாது, அன்றைய சந்தை விலைக்கு எழுத வேண்டும். வரும் என்ற நம்பிக்கையுள்ள பாக்கியை மட்டும் சேர்க்க வேண்டும். கவனித்தீர்களா? எது லாபம் என்று கண்டுபிடிக்கும் வழியும் இதுவேதான். அன்று இப்படி எண்ணியிருந்தால் நான் 7,000 எடுத்திருக்க மாட்டேன்.

இப்போதெல்லாம் ஷஃபான் கடைசியில் இரண்டு இரவு கடையை நேரத்தோடு அடைத்துவிட்டு, மகனை ஏணியில் ஏற்றி, மேல் தட்டிலிருந்து எண்ணத் தொடங்குகிறோம். புழு விழுந்த பருப்பு தனி. ஆறு மாதம் முகம் காட்டாதவரின் பாக்கிக்குச் சிவப்பு மையால் கோடு. ஜகாத்தை ஒதுக்கியபின் மிஞ்சுவதில் பாதி சரக்குக்குப் போகும். மறு பாதியை எங்கே போடுவது என்று வீட்டில் கேட்டுத்தான் முடிவு செய்கிறேன். கேள்வி கேட்ட சகோதரர் விரும்பினால் இந்த ஷஃபானில் வந்து உடனிருக்கட்டும், எண்ணுவதற்கு ஆள் தேவைப்படுகிறது.