கறள் பிடித்த குழாய்கள்: கவனிக்கச் சில குறிப்புகள்

சுபஹுக்கு எழும்பி வுழூ எடுக்கப் பைப்பைத் திறந்தால் முதல் தண்ணீர் செம்மஞ்சளாக விழுகிறதா? சுவருக்குள் பதித்த ஜி.ஐ. இரும்புக் குழாய் கறள் பிடித்திருக்கலாம். கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர்ப் பக்கம் உப்புக் காற்றுக்குக் குறைவில்லை. 2004 டிசம்பர் 26இல் கடல் ஏறி வடிந்த பழைய வீடுகளை இன்னும் கவனமாகப் பாருங்கள்.

1. குழாய் வெளியே தெரியும் இடத்தில் ஒரு காந்தத்தை வையுங்கள். ஒட்டினால் இரும்பு. பிவிசியில் ஒட்டாது.

2. சுவரை உடைக்குமுன் குற்றவாளி யாரென்று பாருங்கள். சற்று ஓடவிட்டதும் தண்ணீர் தெளிந்தால் வீட்டுக் குழாயில்தான் கறள். மீற்றருக்குப் பக்கத்துப் பைப்பிலும் விடாமல் கலங்கலாக வந்தால் கோளாறு றோட்டு லைனில் இருக்கலாம். நீர் வழங்கல் சபைக்கு 1939 என்ற இலக்கத்தில் அழைத்துச் சொல்லுங்கள். மீற்றருக்கு முந்திய பகுதியில் நாம் கைவைக்கக் கூடாது. கிணற்றுத் தண்ணீர் என்றால், கிணற்றிலிருந்து நேரே அள்ளி ஒரு கிளாசில் வையுங்கள். தெளிவாக இருந்த தண்ணீர் சில மணி நேரத்தில் மஞ்சளித்தால் இரும்பு கிணற்றிலேயே இருக்கிறது. குழாய் மாற்றுவது வீண் செலவு.

3. தண்ணீர் மெதுவாக வந்தால் பைப் வாயிலுள்ள வலையையும் ஷவர் தலையையும் கழற்றிக் கழுவுங்கள். கறள் செதில்கள் அங்கேதான் சிக்கும். குழாய்க்குள் அசிட் ஊற்றச் சொல்பவர்களை நம்பாதீர்கள். கறளோடு குழாயும் கரையும்.

4. இரவில் எல்லாப் பைப்பையும் பூட்டிவிட்டு மீற்றரைப் பாருங்கள். முள் ஓடினால் எங்கோ ஒழுகுகிறது.

5. ஒழுக்கில் சைக்கிள் டியூப்பை இறுகச் சுற்றிக் கிளிப் போடலாம். நாலைந்து நாளைக்குத்தான்.

6. ஒழுகும் துண்டை மட்டும் வெட்டி மாற்றினால், அடுத்த மாதம் பக்கத்துத் துண்டு ஒழுகும். பாஸின் கூலிதான் ஏறும். பழைய லைனைச் சுவருக்குள்ளேயே விட்டு, வாயை அடைத்து, சுவருக்கு வெளியே புதிய பிவிசி இழுப்பதே என் தெரிவு. வடிவில்லை என்று வீட்டில் முணுமுணுப்பார்கள். ஆனால் இனி ஒழுகினால் கண்ணுக்குத் தெரியும். வெயில் படும் இடத்தில் பெயின்ட் பூசாவிட்டால் பிவிசி நொறுங்கும்.

7. வெள்ளை ஜுப்பாவில் கறள் பட்டால் குளோரின் போட வேண்டாம், கறை நிலைத்துவிடும். தேசிக்காய்ச் சாறும் உப்பும் தேய்த்து, சற்று வைத்து அலசுங்கள்.

8. பலரும் மறப்பது இதுதான். பழைய வீடுகள் சிலவற்றில் கரண்டின் எர்த் வயரை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டியிருப்பார்கள். குழாயைப் பிவிசியாக்கினால் எர்த் அறுந்துபோகும். லைட் எரியும், ஃபேன் சுற்றும், ஒன்றும் தெரியாது. ஒருநாள் ஃபிரிட்ஜைத் தொடும்போதுதான் தெரியவரும். குழாய் பாஸைக் கூப்பிடுமுன் இலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, தனி எர்த் கம்பி அடித்துக்கொள்ளுங்கள்.