முள் ஏறினால் முதலில் எதைப் பார்ப்பது?
சரக்கு வண்டி வைத்திருக்கும் வணிகர்களுக்கு ஒரு பாடம்

திருச்சி காந்தி மார்க்கெட்டில் விடியற்காலையில் சரக்கு ஏற்றிக்கொண்டு புதுக்கோட்டைக்குத் திரும்புகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கீரனூர் நெருங்கும்போது டெம்பரேச்சர் முள் 'எச்' பக்கம் ஏறுகிறது. "சென்சார் கோளாறுதான் முதலாளி, போன வாரமும் இப்படித்தான் காட்டுச்சு, ஓட்டிடலாம்" என்கிறார் டிரைவர். பின்னால் தக்காளியும் வெங்காயமும் இருக்கின்றன. ஓட்டுவதா, நிறுத்துவதா?

நிறுத்துவதே சரி. கோளாறு சென்சாரில் மட்டும் என்றால் நமக்கு நஷ்டம் சிறிது நேரம்தான். என்ஜின் உண்மையாகவே கொதித்திருந்தால் ஹெட் கேஸ்கட் போகும், ஹெட் வளையும், பிஸ்டனே பிடித்துக்கொள்ளும். அந்தச் செலவு பல மாத லாபத்தைத் தின்றுவிடும்.

இதற்கு நேர் எதிரான நஷ்டமும் உண்டு. முள் ஏறியதும் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் என்று ஒவ்வொன்றாக மாற்றிவிட்டு, கடைசியில் சில நூறு ரூபாய் சென்சாரில் வந்து நிற்பது.

மூட்டை எடை குறைந்தால் உடனே மில்காரரைக் குறை சொல்வோமா? முதலில் முத்திரைக் கல்லை வைத்துத் தராசைப் பார்ப்போம். வண்டிக்கும் அதே முறைதான். பொய் சொல்வது முள்ளா, உண்மையில் சுடுவது என்ஜினா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும்.

சென்சாரின் வேலை என்ன?

என்ஜினைச் சுற்றி ஓடும் தண்ணீரில் இதன் முனை நனைந்திருக்கும். சூடு ஏற ஏற இதன் மின்தடை குறையும். பழைய டீசல் வண்டிகளில் இது முள்ளை மட்டும் அசைக்கும். சென்சார் பழுதானாலும் வண்டி ஓடும்.

காமன் ரெயில் வகை என்ஜின் உள்ள வண்டிகளில் நிலைமை வேறு. எவ்வளவு டீசல் பீய்ச்ச வேண்டும், எப்போது பீய்ச்ச வேண்டும், விசிறி எப்போது ஓட வேண்டும் என்பதையெல்லாம் என்ஜின் கம்ப்யூட்டர் இந்தச் சென்சாரைக் கேட்டே முடிவு செய்கிறது. 2011-ல் வந்த அசோக் லேலண்டு தோஸ்த் இந்த வகை. 2020 ஏப்ரல் முதல் நாடு முழுவதும் பி.எஸ். 6 கட்டாயமான பிறகு வந்த டீசல் வண்டிகளும் கம்ப்யூட்டரை நம்பியே ஓடுகின்றன. இவற்றில் சென்சார் பொய் சொன்னால் இழுவை குறையும், கரும்புகை வரும், டீசல் அதிகம் குடிக்கும், என்ஜின் விளக்கு எரியும்.

சாலையோரத்தில் செய்ய வேண்டியவை

வண்டியை ஓரமாக நிறுத்துங்கள். ஆவி வந்தால் என்ஜினை உடனே அணையுங்கள். சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடியைத் திறந்தவுடன் முகத்தில் பீறிட்டு அடிக்கும்.

நன்றாக ஆறிய பிறகு தண்ணீர் மட்டம், பெல்ட், ஹோஸ், கீழே ஒழுகல் ஆகியவற்றைப் பாருங்கள். தண்ணீர் குறைந்திருந்தால் கோளாறு சென்சாரில் என்று சொல்லாதீர்கள்.

ஏறிய முள் திடீரென்று 'சி' பக்கம் விழுந்தால் "சரியாகிவிட்டது" என்று மகிழக் கூடாது. தண்ணீர் மட்டம் இறங்கி, சென்சாரின் முனை காற்றில் நின்றாலும் முள் இறங்கும். அந்த நேரத்தில் என்ஜின் எரிந்துகொண்டிருக்கும். ஆகவே முள் ஏறினாலும், திடீரென்று விழுந்தாலும் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீரைத்தான்.

பட்டறையில் சோதிக்கும் வரிசை

1. காலையில், வண்டி இரவு முழுவதும் நின்ற பிறகு, ஸ்கேனரை மாட்டிச் சாவியை மட்டும் போடுங்கள். தண்ணீரின் சூடும் வெளிக்காற்றின் சூடும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். வெளியே 28 டிகிரி இருக்கும்போது 70 என்றோ மைனஸ் 40 என்றோ காட்டினால் சென்சார் அல்லது ஒயர் பழுது. பி 0117 என்ற குறியீடு வந்தால் பெரும்பாலும் ஷார்ட். பி 0118 என்றால் ஒயர் அறுந்தது அல்லது கனெக்டர் கழன்றது.

2. கனெக்டரைக் கழற்றிப் பாருங்கள். பின்னில் பச்சைக் களிம்பு இருந்தால் சுத்தம் செய்தாலே போதும். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், மணமேல்குடி போன்ற கடலோர ஊர்களில் உப்புக்காற்றால் இது எளிதில் வரும்.

3. சாவியைப் போட்டு, கழற்றிய கனெக்டரில் மீட்டரால் அளந்தால் ஒரு பின்னில் சுமார் 5 வோல்ட் வர வேண்டும். வராவிட்டால் குற்றம் ஒயரில் அல்லது கம்ப்யூட்டரில். சென்சாரை மாற்றிப் பயனில்லை. பழைய ஒற்றை ஒயர் வண்டியில் அந்த ஒயரைப் பாடியில் தொட்டு முள்ளைச் சோதிப்பார்கள். கம்ப்யூட்டர் வண்டியில் அந்த வேலை கூடாது.

4. சென்சாரைக் கழற்றி, முனையைச் சுடுதண்ணீரில் வைத்து ஓம்ஸ் பாருங்கள். பரவலாக உள்ள ஒரு வகையில் 20 டிகிரியில் சுமார் 2,500 ஓம், 40-ல் சுமார் 1,200, 80-ல் 300-க்குச் சற்று மேல் இருக்கும். வண்டிக்கு வண்டி கணக்கு மாறும். ஆனால் சூடு ஏற ஏற ஓம்ஸ் சீராக இறங்க வேண்டும். குதித்தாலோ அசையாமல் நின்றாலோ சென்சார் போய்விட்டது.

5. சென்சார் நன்றாக இருந்தும் முள் எப்போதும் தாழ்ந்தே நின்றால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். என்ஜினை ஓட்டிய உடனேயே மேல் ஹோஸில் சூடு ஏறத் தொடங்கினால் அது திறந்தபடி மாட்டிக்கொண்டது என்று பொருள்.

புதிய சென்சார் போட்ட பிறகு குறைந்த தண்ணீரை நிரப்பி, உள்ளே தங்கிய காற்றை வெளியேற்றச் சொல்லுங்கள். இல்லையேல் புதியதும் பொய் சொல்லும்.

போர் தண்ணீர் வேண்டாம்

உப்பான போர் தண்ணீரை ஊற்றிக்கொண்டே வந்தால் சென்சார் முனையிலும் ரேடியேட்டர் குழாய்களிலும் சுண்ணாம்பு படியும். சூடு ஏறியதைச் சென்சார் தாமதமாகவே உணரும். கம்பெனி சொல்லும் கூலண்டையே ஊற்றுங்கள்.

மளிகைக்காரர்களுக்கு இதில் ஓர் எச்சரிக்கை. பெரும்பாலான கூலண்டுகளில் உள்ள எத்திலீன் கிளைக்கால் இனிப்பானது, ஆனால் கொடிய விஷம். கூலண்ட் கேனை எண்ணெய் டின், சர்க்கரை மூட்டைகளோடு ஏற்றக் கூடாது. குடிதண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்கவும் கூடாது.

கடைக்குப் பேரேடு இருப்பது போல வண்டிக்கும் ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதியில், எத்தனை கிலோமீட்டரில், எதை மாற்றினோம் என்று எழுதி வையுங்கள். மெக்கானிக் "சென்சார் போச்சு" என்றால் "அளந்து பார்த்தீங்களா?" என்று ஒரு வார்த்தை கேளுங்கள். கழற்றிய பழைய பொருளைக் கையோடு வாங்கி வாருங்கள். அளக்காமல் சரக்கு வாங்காத நாம், அளக்காமல் செலவும் செய்ய வேண்டியதில்லை.