பெயர் வைக்க அவசரப்படாதே

அன்புள்ள மீனாட்சி,

உன் கடிதம் கிடைத்தது. மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்யும் ஈ.ஈ.ஜி. அறையில் பயிற்சிக்குச் சேர்ந்த இரண்டாவது வாரத்திலேயே, கல்லீரல் கெட்டு அரைமயக்கத்தில் கிடந்த ஒரு பெரியவரின் பதிவைப் பார்த்து "இது வலிப்பு" என்று சொல்லிவிட்டதாகவும், அறையில் எல்லாரும் சிரித்துவிட்டதாகவும் எழுதியிருந்தாய். வெட்கப்படாதே அம்மா. பெரிய மருத்துவர்களையே தடுமாற வைத்த அலை அது.

ஜெர்மனியின் ஜேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் மனித மூளையின் மின் அலையை முதன்முதலில் பதிவுசெய்தது 1924-இல். அதை வெளியிட்டது 1929-இல். விழித்தபடி கண்ணை மூடி அமைதியாக இருப்பவரின் பின்மண்டையில் நொடிக்கு 8 முதல் 13 அலைகள் வரும். இது ஆல்பா. 4 முதல் 8-க்குள் வந்தால் தீட்டா. அதற்கும் கீழே டெல்டா. இவ்வளவும் உனக்கு மனப்பாடம்தான்.

உடல் எடையில் சுமார் 2 சதவீதமே உள்ள மூளை, நாம் இழுக்கும் ஆக்சிஜனில் ஏறக்குறைய 20 சதவீதத்தைச் செலவிடுகிறது. அதனால் ரத்தத்தில் எது குறைந்தாலும், எது தேங்கினாலும் அதற்குத் தாங்காது. சர்க்கரை இறங்கலாம், சோடியம் குறையலாம், சிறுநீரகம் செயலிழந்து கழிவு தேங்கலாம். முதலில் ஆல்பா தளர்ந்து தீட்டாவாகும். நிலை மோசமானால் டெல்டா பரவும். இன்னும் முற்றினால் அலையின் உயரமே குறைந்து கோடு தட்டையாகிவிடும். பெரும்பாலும் இந்த மாற்றம் மூளையின் இரு பக்கமும் ஒன்றுபோல நடக்கும். ஒரு பக்கம் மட்டும் மந்தமானால், அங்கே கட்டியோ ரத்தக்கசிவோ இருக்கிறதா என்று தேட வேண்டும்.

இனி அந்தப் பெரியவர். குடலில் உண்டாகும் அம்மோனியாவை யூரியாவாக மாற்றுவது கல்லீரலின் வேலை. கல்லீரல் கைவிட்டால் அம்மோனியா மூளைக்கு ஏறுகிறது. நீ பார்த்த அலை அப்போது வருவதுதான்: மேலே ஒரு சிறு முனை, கீழே ஒரு பெரிய இறக்கம், மறுபடி மேலே ஓர் அகன்ற மேடு. நெற்றிப் பக்கம் ஓங்கி, நொடிக்கு ஏறக்குறைய இரண்டு வீதம் வரும். 1950-இல் இதை விவரித்த ஃபோலி, வாட்சன், ஆடம்ஸ் மூவருக்கும் இது மழுங்கிப்போன வலிப்பு அலைபோலவே தெரிந்தது. 1955-இல் பிக்ஃபோர்டும் பட்டும் 'டிரைஃபேசிக்', அதாவது மூன்று கட்ட அலை என்று பெயரிட்டு, கல்லீரல் மயக்கத்தின் அடையாளமாக முன்வைத்தார்கள். அதுவும் முழுக்க நிலைக்கவில்லை. சிறுநீரகச் செயலிழப்பிலும், லித்தியம், செஃபெபிம் போன்ற மருந்துகள் உடலில் மிஞ்சும்போதும் இதே அலை வந்தது.

ஆகவே இதை மனத்தில் வை. மூளை எவ்வளவு தத்தளிக்கிறது என்பதை அலை ஓரளவு நன்றாகவே சொல்லும். எதனால் என்பதைச் சொல்லாது. காரணம் ரத்தப் பரிசோதனையிலும் மருந்துச் சீட்டிலும் இருக்கும்.

"ஊசி போட்டுப் பார்த்தால் வலிப்பா இல்லையா என்று தெரிந்துவிடாதா?" என்று கேட்டிருக்கிறாய். நல்ல கேள்வி. லோராசெபாம் போன்ற மருந்தைக் கொடுத்தால் வலிப்பு அலையும் அடங்கும், இந்த அலையும் அடங்கும். அலை மறைந்ததை வைத்து முடிவுகட்ட முடியாது. கூடவே ஆள் தெளிந்தாரா என்றும் பார்க்க வேண்டும். கல்லீரல் கெட்டவருக்கு அந்த மருந்தே மயக்கத்தைக் கூட்டவும் கூடும். அதனால் அந்த முடிவு மருத்துவருடையது.

உன் வேலை வேறு. அதுவும் சின்ன வேலை இல்லை. பதிவு தொடங்குமுன் பெயர் சொல்லிக் கூப்பிடு. கண் திறக்கிறாரா, சொன்னதைச் செய்கிறாரா என்று குறித்துவை. கையை நீட்டி மணிக்கட்டை நிமிர்த்தச் சொல். கை சிறகடிப்பதுபோல் விழுந்து விழுந்து எழுகிறதா என்று பார். கடைசியாகப் பார்த்த சர்க்கரை அளவையும், சாப்பிடும் மருந்துகளையும் எழுது. பதிவின் நடுவே கைதட்டி எழுப்பிப் பார்த்து, அலை மாறிய இடத்தில் அடையாளம் வை. தூரத்தில் உட்கார்ந்து பதிவைப் படிக்கும் மருத்துவருக்கு உன் குறிப்புதான் கண்.

இவ்வளவு எழுதியவள் ஒன்றை விட்டுவிட்டாய். அந்தப் பெரியவர் தெளிந்தாரா? அடுத்த கடிதத்தில் அதை முதல் வரியாக எழுது.

அன்புடன்,
உன் மாமா